பழைய தையல் இயந்திரங்களை இனங்காணுதல்

நெசவாளர் இல்லமாயினும் உழவர் இல்லமாயினும், பரணிலோ நடைமூலையிலோ சாக்குப் போர்த்திய கரிய தையல் இயந்திரம் ஒன்று முடங்கிக் கிடப்பது நம் ஊர்களில் அரிதன்று. பாட்டியார் சீர்வரிசையோடு கொண்டு வந்ததாக இருக்கும். அல்லது பாட்டனார் தவணை கட்டி வாங்கியதாக இருக்கும். பழைய இரும்பு வாங்க வருபவர் அதைத் தராசில் நிறுத்திக் கிலோக் கணக்கில் விலை பேசுகிறார். அண்மைக் காலத்தில் வேறொரு வகை வியாபாரியும் வருகிறார். அவருக்கு வேண்டியது தைக்கும் இயந்திரமன்று, காட்சிப் பொருள். அதன் வார்ப்பிரும்புக் கால்கள் உணவு விடுதிகளில் மேசைக் கால்களாகி விடுகின்றன. இங்கிலாந்தில் ஆல்செயின்ட்ஸ் என்னும் ஆடைக்கடை நிறுவனம் தன் கடைகளின் முகப்பில் நூற்றுக்கணக்கான பழைய இயந்திரங்களை அடுக்கி வைத்ததைக் கண்டவர்கள் பலர். அவற்றுள் ஒன்றேனும் ஒரு சட்டைக்குப் பொத்தான் பட்டி தைத்ததாகத் தெரியவில்லை.

விற்பதோ வைத்துக்கொள்வதோ உடையவர் விருப்பம். ஆயினும் தம்மிடம் இருப்பது இன்னதென்று அறியாமல் விற்பவர் ஏமாறுவார். அறியாமல் வாங்குபவரும் ஏமாறுவார். மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் பள்ளிச் சீருடைகளைத் தைத்துக் கூலி பெறுகிறார்கள். அவர்களுள் ஒருவர் சொந்தமாக ஒரு பழைய இயந்திரம் வாங்க நினைத்தால், சேமித்த பணம் முழுவதும் அதில் போய்விடும். ஊசி கிடைக்காத இயந்திரத்தை அவர் தலையில் கட்டிவிட்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய மாதக் கணக்காகும். ஆதலின் இனங்காணும் வழிகளைச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். பிரான்சு தேசத்துத் தையற்காரர் தீமோனியே 1830-இல் சங்கிலித் தையல் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். இராணுவ உடை தைப்பதற்காகப் பாரிஸில் அவர் நிறுவிய இயந்திரங்களை, பிழைப்புக்கு அஞ்சிய கைத்தையற்காரர்கள் 1831-இல் உடைத்தெறிந்தனர். அந்த அச்சம் எத்தகையது என்பதை விசைத்தறியைக் கண்ட நம் கைத்தறியாளருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும், ஐசக் மெரிட் சிங்கர் 1851-இலும் உரிமை பெற்றனர். இருவரும் நீதிமன்றத்தில் மோதினர். சிங்கர் தோற்று ஹோவுக்குப் பங்குப் பணம் செலுத்த நேர்ந்தது. 1856-இல் முக்கியக் கம்பெனிகள் தத்தம் உரிமைகளை ஒன்றுசேர்த்து உடன்படிக்கை செய்துகொண்டன. தவணை முறையில் விற்கும் வழக்கத்தையும் சிங்கர் கம்பெனி அக்காலத்திலேயே தொடங்கியது.

இயந்திர நாகரிகத்தைக் கடிந்துரைத்த காந்தியடிகள், 1924-இல் 'யங் இந்தியா'வில் வெளிவந்த உரையாடல் ஒன்றில், சிங்கர் தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காகக் கொண்டார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு பொறாத சிங்கர், அன்பின் பொருட்டே அதைக் கண்டுபிடித்தார் என்பது அடிகள் கூறிய காரணம். சிங்கரின் இல்வாழ்க்கையை அறிந்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்வார்கள். அவர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை நடத்தியவர். மனைவி கூலிக்குத் தைத்து இல்லத்தைக் காத்த கதை எலியாஸ் ஹோவுக்கே பொருந்தும். எனினும் அடிகளின் கருத்துக்கு இதனால் குறைவில்லை. ஏழையின் கையிலிருந்து வேலையைப் பறிக்காமல் அந்தக் கைக்கே வலிமை சேர்க்கும் கருவி அது.

நம் நாட்டில் கிடைக்கும் பழைய சிங்கர் இயந்திரங்களுள் மிகப் பல ஸ்காட்லாந்தில் பிறந்தவை. கிளைட்பேங்க் நகரத்துக் கில்போவி தொழிற்சாலை 1880-களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கிற்று. 1913-இல் மட்டும் அங்கிருந்து 13 லட்சம் இயந்திரங்கள் வெளிவந்தன. பெருமை இவ்வாறிருக்க, தொழிலாளர் கதை வேறு. 1911 மார்ச்சில், மரப்பெட்டிகளுக்கு மெருகேற்றும் பிரிவில் ஆட்களைக் குறைத்து, அவர்களுடைய வேலையையும் எஞ்சிய பன்னிரண்டு பெண்கள் மீது சுமத்தினார்கள். அப்பெண்கள் வெளியேறினர். சில நாட்களுக்குள் சுமார் பதினோராயிரம் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அவர்களோடு சேர்ந்து வேலை நிறுத்தம் செய்தனர். வேலை நிறுத்தம் தோல்வியுற்றது. முன்னின்றவர் பலர் வேலை இழந்தனர். பழைய பெட்டியின் வளைமூடியில் இன்றும் மின்னும் மெருகைப் பார்க்கும்போது அப்பெண்களை நினைக்காமலிருக்க முடியவில்லை. தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. ஊரின் இரயில் நிலையத்துக்கு மட்டும் 'சிங்கர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இனி, இயந்திரத்தைப் பார்ப்போம். முதலில் தேட வேண்டியது பெயரையன்று, வரிசை எண்ணை. சிங்கர் இயந்திரத்தில் அது வலப்புறத் தூணின் அடியில், படுகைத் தகட்டின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தால் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன் எழுத்து ஏதும் இல்லையேல் அது பெரும்பாலும் 1900-க்கு முற்பட்டது. அவ்வரிசை ஒன்றரைக் கோடியைத் தாண்டிய பின்னரே எழுத்துக்களைச் சேர்க்கும் முறை வந்தது. 'ஒய்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கினால், 1920-களிலோ 1930-களின் முற்பகுதியிலோ கிளைட்பேங்கில் செய்யப்பட்டது. அதற்குப் பின் 'ஈ.ஏ.', 'ஈ.பி.' என ஈகாரத்தில் தொடங்கும் இரட்டை எழுத்துக்கள் அந்நகருக்கே உரியவையாயின. 'ஜி' அமெரிக்காவின் நியூஜெர்சியைக் குறிக்கும். ஓர் எச்சரிக்கை: எண்கள் தொகுதி தொகுதியாக முன்கூட்டி ஒதுக்கப்பட்டவை. ஆகையால் எண் காட்டும் ஆண்டு ஒதுக்கிய ஆண்டே. கடைக்கு வந்த ஆண்டு சற்றுப் பிந்தியிருக்கலாம்.

வகையைச் சொல்லும்போது 15 கே, 28 கே, 66 கே, 201 கே என்று பின்னால் வரும் 'கே' கில்போவியைக் குறிப்பது. இதை 'கே வகை' என்று தனி வகையாகக் கருதி அதிக விலை கேட்பவர்களும் உண்டு.

ஆண்டைப் பற்றிய மயக்கங்கள் பல. அவற்றுள் இரண்டு அடிக்கடி நிகழ்பவை. நீலக் கரையிட்ட பித்தளைப் பதக்கத்தில் 1851–1951 என்றிருந்தால், முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு 'நூற்றெழுபது ஆண்டுப் பழமை' என்று பறைசாற்றுவார்கள். அது கம்பெனியின் நூற்றாண்டு நினைவாகப் பதித்த பதக்கம். இயந்திரம் அந்த விழாக் காலத்தைச் சேர்ந்தது. மற்றொன்று, நழுவுதகட்டில் வரிசையாக வெட்டியிருக்கும் உரிமைத் தேதிகள். அவை கண்டுபிடிப்புக்கு உரிமை பெற்ற நாட்களே. கடைசித் தேதிக்கு முன் அந்தத் தகடு செய்யப்படவில்லை என்பதற்கு மேல் அவற்றால் எதுவும் உறுதியாவதில்லை.

எண் தேய்ந்துபோயிருந்தால் வயிற்றைத் திறந்து பார்ப்பதே வழி. இவ்விடத்தில் நெசவாளர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தறியில் பாவின் திறப்பினூடே ஊடையைக் கொண்டு செல்லும் நாடாவுக்கும், தையல் இயந்திரத்தில் கீழ்நூலைச் சுமக்கும் உறுப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: 'ஷட்டில்'. ஊசி கீழே இறங்கிச் சற்றே மேலெழும்போது மேல்நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அவ்வளையத்தினூடே ஷட்டில் நுழைந்து செல்லக் கீழ்நூல் கோத்துக்கொள்கிறது. நாடா ஓடும் விதமே இயந்திரத்தின் தலைமுறையைச் சொல்லிவிடும்.

1865-இல் வந்த 12-ஆம் வகையில் படகு வடிவ ஷட்டில் நேர்கோட்டில் போய் வரும். அதன் படுகை பிடில் வாத்தியத்தின் இடைபோல் ஒடுங்கியிருக்கும். இது நல்ல அடையாளம். அடுத்து வந்த 27, 28 வகைகளில் துப்பாக்கிக் குண்டு போன்ற நீண்ட ஷட்டில் ஊசல்போல் வளைவாக ஆடும். இவ்விரண்டும் ஒரே அமைப்பினவே. 27 முழு அளவு, 28 முக்கால் அளவு. நம் வீடுகளில் கைச்சக்கரத்தோடு மரப்பெட்டிக்குள் இருப்பவற்றுள் 28-ஆம் வகை மிகுதி. 15-ஆம் வகையில் வட்டப் பாபின் இடப்புறத்தில் செங்குத்தாக நிற்கும். கொக்கி முழுச் சுற்றுச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடும். 66-ஆம் வகையில் பாபினை மேலிருந்து கிடையாக இறக்கி வைக்க வேண்டும். 1930-களின் நடுவில் தோன்றிய 201-இல் கொக்கி ஓயாமல் ஒரே திசையில் சுழல்வதால் ஓசை மிகக் குறைவு. தைக்கும் தன்மையில் இதற்கு நிகரான வீட்டு இயந்திரம் அக்காலத்தில் வேறில்லை என்பது எமது துணிபு.

பொன்வரி ஓவியங்களும் உதவும். சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட எகிப்தியச் சிலை 27-ஆம் வகையிலும் அதன் வழிவந்தவற்றிலும் பெரிதும் காணப்படுவது. ஆனால் ஓவியம் அழிவது எளிது; புதிதாக ஒட்டுவதும் எளிது. ஓவியத்தை மட்டும் நம்பி வகையைத் தீர்மானித்தல் கூடாது.

பெயர்ப்பலகையும் அப்படியே. பெர்லின் நகரத்து பிரிஸ்டர்-ராஸ்மன் முதலான ஜெர்மானியக் கம்பெனிகள் 12-ஆம் வகையைப் பின்பற்றிச் செய்தன. 1945-க்குப் பின் ஜப்பானியர் 15-ஆம் வகையை எண்ணற்ற பெயர்களில் உலகெங்கும் அனுப்பினர். லூதியானா நகரத்துப் பட்டறைகளும் அந்த 15-ஐயே அடியொற்றின. 1930-களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடங்கிய 'உஷா' நம் நாட்டுத் தொழிலின் முக்கிய மைல்கல். ஆதலால் சிங்கர் என்று வார்க்கப்பட்ட கால்கள் மேல் வேறொருவர் செய்த தலை அமர்ந்திருப்பது சாதாரணம். காலையும் தலையையும் தனித்தனியே பாருங்கள். வேற்றுப் பெயர் என்பதற்காக இழிவாகக் கருதவும் வேண்டாம். பித்தளை வாத்தியக் கருவிகள் செய்துவந்த கியோர்க் மிகேல் பாப் என்பவர் 1862-இல் கெய்சர்ஸ்லௌட்டர்ன் நகரில் தொடங்கிய 'பாப்' இயந்திரங்களின் தரம் எவர்க்கும் தாழ்ந்ததன்று.

விலை பற்றிச் சில சொற்கள். பழமை வேறு, அருமை வேறு. 27, 28 வகைகள் லட்சக் கணக்கில் செய்யப்பட்டவை. நூறாண்டு கடந்தும் எங்கும் கிடைக்கின்றன. சேகரிப்போர் பெரும்பணம் தருவது 1850-களைச் சேர்ந்தவற்றுக்கும், எண்ணிக்கையில் மிகச் சிலவே வெளிவந்த வகைகளுக்குமே. 2009-இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் இயந்திரங்களுக்குள் 'சிவப்புப் பாதரசம்' ஒளிந்திருப்பதாக ஒரு வதந்தி பரவியது. செல்பேசியை அருகே கொண்டு சென்று 'சோதனை' செய்தார்களாம்! நம்பவொண்ணா விலைக்குப் பேரம் நடந்தது. அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் இயந்திரத்திலும் இல்லை. இரும்பு, எஃகு, சிறிது பித்தளை, நூலிழை சிக்கிய தூசி, இவ்வளவே உள்ளிருப்பவை. இத்தகைய கதையோடு எவரேனும் உங்கள் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துவதே உத்தமம்.

தைப்பதற்காக வாங்குவோர் முதலில் ஊசியைக் கேட்க வேண்டும். 15, 27, 28, 66, 201 ஆகிய வகைகளுக்கு இன்றைய சாதாரண வீட்டு ஊசியே பொருந்தும். 12-ஆம் வகைக்கு உரிய ஊசி வேறு. அது எளிதில் அகப்படாது. நீண்ட ஷட்டில் உள்ளவற்றில் ஷட்டிலும் அதற்குரிய பாபின்களும் உடனிருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பின்பு, துணி வைக்காமல் பாதத்தை உயர்த்திச் சக்கரத்தைக் கையால் மெதுவே சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் நூல் சிக்கியிருக்கலாம், அது அற்பம். எங்கும் இறுகினால் எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும், அதுவும் தீரக்கூடியதே. ஊசித்தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ, துணியை இழுக்கும் பற்கள் மழுங்கியிருந்தாலோ, வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தாலோ யோசிக்க வேண்டும். வெடித்த வார்ப்பைப் பற்றவைத்து நேராக்குவது எல்லோராலும் ஆவதன்று. இறுதியாக, இரண்டு மடிப்புக் காடாத் துணியில் மேலுக்கு ஒரு நிறமும் கீழுக்கு ஒரு நிறமுமாக நூல் கோத்துத் தைத்துப் பாருங்கள். முடிச்சு இரு மடிப்புக்கும் நடுவில் மறைந்திருந்தால் இயந்திரம் நலம்.

இறுகிய உறுப்புகளுக்குச் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைக்கலாம். மறுநாள் அதை நன்கு துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் இடவேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆகா. அவையே பிசினுக்குக் காரணம். மேற்பூச்சின் மீது ஸ்பிரிட் படலாகாது. அந்தக் கரிய மெருகின் மேல் பூசப்பட்டிருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்ட மாத்திரத்தில் அது கரைந்து, பொன்வரியையும் உடன்கொண்டு போய்விடும். இயந்திர எண்ணெயில் தோய்த்த பருத்தித் துணியே போதும். புதுவர்ணம் அடித்தால் அழகு கூடும் என்று சொல்லும் பட்டறைக்காரரின் பேச்சைக் கேளாதீர்கள். சேகரிப்பவர் முதலில் ஒதுக்குவது அப்படி வர்ணம் அடித்ததைத்தான்.