குடியாட்சியும் வருங்காலச் சந்ததியும்

ஆளப்படுவோரின் இசைவே குடியாட்சியின் அடிப்படையாகும். சட்டத்தின் பயனையும் பாரத்தையும் ஏற்போர், அச்சட்டத்தை ஆக்குவோரைத் தாமே தெரிவு செய்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு. ஆயின், இன்று நாடுகள் பெறும் நெடுங்காலக் கடனை இறுப்போருள்ளும், இன்று அழிக்கப்படும் காட்டின் இழப்பைத் தாங்குவோருள்ளும் இன்னும் பிறவாதோர் பலர். அவர்க்கு வாக்கில்லை, ஆகவே, சில ஆண்டுகளுக்கொருமுறை வாக்காளரை நாடிச் செல்லும் அரசியலாளர் அவர்க்கு அஞ்ச வேண்டியதுமில்லை. இக்குறையை நீக்குதல் எங்ஙனம்?

பராயமடையாத பிள்ளைக்காக நீதிமன்றிற் பாதுகாவலர் ஒருவர் பேசுதல் வழக்கு. அவ்வாறே பிறவாதோர்க்காகவும் ஒருவரைப் பேசவைக்கும் முயற்சியிற் சில நாடுகள் ஈடுபட்டன. இஸ்ரேலியப் பாராளுமன்றம் 2001 ஆம் ஆண்டில் வருங்காலத் தலைமுறைகளுக்கென ஓர் ஆணையாளர் பதவியை நிறுவிற்று. சட்டமூலங்களை ஆராய்ந்து கருத்துரைக்கவும், அதற்கு வேண்டிய காலத்தைக் கோரவும் அவர்க்கு அதிகாரம் இருந்தது. 2006 இல் முதல் ஆணையாளரின் பதவிக்காலம் முடிந்தது. அவ்விடத்துக்கு வேறெவரும் நியமிக்கப்படவில்லை. ஹங்கேரி 2007 இல் இயற்றிய சட்டத்தின்வழி இத்தகைய பதவியொன்றை ஆக்கிற்று. 2012 இல் அது அடிப்படை உரிமைகள் ஆணையாளரின் துணைவர் பதவியாகக் குறுகிற்று.

பிறவாதோரின் காவலரை நியமிப்போரும் நீக்குவோரும் இன்றுள்ளோரே என்பது இவற்றாற் புலனாகின்றது. அக்காவலர்க்குத் தடையதிகாரம் வழங்கினால் என்னை எனின், மக்கள் தெரிவு செய்யாத ஒருவர் மக்கட் பிரதிநிதிகளின் முடிவை மறுத்தல் குடியாட்சிக்கே முரணாகும். பிறவாதோர் விரும்புவது இதுவென்று உறுதியாக உரைக்கவும் எவராலும் இயலாது.

இவ்விடரை வேல்ஸ் நாடு 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேறொரு வழியில் அணுகியது. அங்குள்ள ஆணையாளர்க்குத் தடையதிகாரம் இல்லை. ஆயின், அவர் தம் ஆய்வின் முடிவிற் கூறும் பரிந்துரையைப் பொது நிறுவனமொன்று ஏற்காவிடின், அதற்கான காரணத்தை அது வெளியிடல் வேண்டும். நியூபோர்ட் நகருக்குத் தெற்கே, குவென்ற் சதுப்புச் சமவெளியை ஊடறுத்து நெடுஞ்சாலையொன்று அமைக்கத் திட்டமிட்டபோது முதல் ஆணையாளர் அதனை எதிர்த்தார். பொது விசாரணையை நடத்தியவரோ சாலைக்குச் சார்பாகவே பரிந்துரைத்தார். ஈற்றில், செலவையும் சூழற்கேட்டையும் காட்டி முதலமைச்சர் 2019 இல் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆணையாளரின் சொல்லொன்றே இதனை நிகழ்த்திற்று எனல் மிகையாகும். எனினும் பிறவாதோரின் பக்கம் எடுத்துரைக்கப்பட்டது. முடிவைச் செய்தவரோ மக்களுக்குப் பொறுப்புடைய ஒருவர்.

எனவே, பிறவாதோர்க்குப் பிரதிநிதியாதல் அவர் பெயரால் ஆளுதலன்று. இன்று ஆள்வோரைக் காரணங்கூற வைத்தலே. அக்காரணம் தகுமா என்று தீர்ப்போர் வாக்காளர். அவர் கேளாதொழியின் எச்சட்டமும் பயனற்றதாகும். தேடிய தேட்டத்துக்கும் முதுசத்துக்குமுள்ள வேறுபாட்டை நம்மவர் நன்கறிவர். நாடு ஒரு தலைமுறையின் தேட்டமன்று, முதுசமே என்னும் உணர்வோடு வாக்களித்தல், வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரின் கடனாகும்.