இரத்தசோகை: கீரைக்கு அப்பால் ஓர் உயிர்வேதியியல் வாசிப்பு

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் வாழ்கின்றனர் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21). தமிழ்நாட்டில் அது 53.4 விழுக்காடு. இத்தகைய எண்கள் வெளியாகும்போதெல்லாம் ஒரே அறிவுரை திரும்ப வருகிறது: கீரை சாப்பிடுங்கள், பேரீச்சை சாப்பிடுங்கள், மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள். இவ்வறிவுரை பொய்யன்று; ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, மருத்துவமும் செவிலியமும் பயிலும் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் உயிர்வேதியியல் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தைச் சேரியின் வாழ்நிலையோடு சேர்த்துப் படிப்பதுதான் நடப்பதில்லை.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. நான்கு புரதச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம் வளையம், அவ்வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு. நுரையீரலில் ஆக்சிஜனைப் பற்றித் திசுக்களில் விடுவது இந்த அணுதான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அது மடிந்தபின் மண்ணீரலும் கல்லீரலும் அதன் இரும்பை மீட்டுப் புதிய அணுக்களுக்கு அனுப்புகின்றன. இவ்வளவு சிக்கனமாக இயங்கும் உடல் நாளொன்றுக்கு இழப்பது 1 மில்லிகிராம் மட்டுமே; மாதவிடாய் வரும் பெண்களுக்கு இது சராசரியாக 2 மில்லிகிராம் வரை ஆகலாம். அப்படியானால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் எனப் பரிந்துரைத்தது ஏன்? தட்டில் உள்ள இரும்பில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தைச் சேர்கிறது என்பதால்தான்.

உணவில் இரும்பு இரு வடிவங்களில் வருகிறது. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. தானியத்தின் பைட்டேட், கீரையின் பாலிபீனால், தேநீரின் டானின் ஆகியவை அதைக் குடலிலேயே கட்டிப்போடுகின்றன; பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது. உணவோடு குடிக்கும் தேநீர் அதையும் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். பசியை அடக்கத் தேநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகும் கூலிப்பெண்களை நினைத்துக்கொண்டே நாம் இதை எழுதுகிறோம். இறைச்சியிலும் இரத்தத்திலும் உள்ள ஹீம் இரும்போ இந்தத் தடைகளைப் பெரிதும் பொருட்படுத்தாமல் வளையத்தோடு முழுதாகக் குடலணுவுக்குள் நுழைகிறது. 15 முதல் 35 விழுக்காடு வரை உட்கிரகிக்கப்படுகிறது. இறைச்சியும் மீனும் உடன் இருந்தால் பக்கத்திலுள்ள கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேர்கிறது. கீரையில் கருவாட்டைப் போட்டுச் சமைத்த நம் பாட்டிமார்கள் இதைப் பாடநூலில் படித்தவர்கள் அல்லர்.

ரத்தப் பொரியலை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. நூறு மில்லிலிட்டர் ஆட்டு இரத்தத்தில் 10 கிராம் ஹீமோகுளோபின் இருப்பதாகக் கொண்டால், இரும்பு 34 மில்லிகிராம். நெடுநேரம் வேகவைத்தால் ஹீமில் ஒரு பகுதி சிதைந்துவிடும் என்பதைக் கழித்தாலும் இதற்கு அருகில் வரக்கூடிய உணவுகள் வெகு சில. அடுத்து சுவரொட்டி எனப்படும் மண்ணீரல், அதற்கடுத்து ஈரல். சோகை பிடித்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம், பழைய சிவப்பணுக்கள் உடைபட்டு இரும்பு தங்கும் இடம் அதுவே என்பதால் பொருளுள்ளது. மாட்டிறைச்சி இரும்போடு தரமான புரதத்தையும் பி12 வைட்டமினையும் தருகிறது. பி12ஐ எந்தத் தாவரமும் உருவாக்குவதில்லை. அது குறைந்தாலும் ஒருவகை இரத்தசோகை வரும். இவ்வளவு இருந்தும், நாம் கண்ட உணவு அட்டவணைகளில் பேரீச்சைக்கும் வெல்லத்துக்கும் கிடைக்கும் இடம் ரத்தப் பொரியலுக்கோ மாட்டிறைச்சிக்கோ கிடைத்ததில்லை. இதற்கான காரணத்தை வேதியியலில் தேடிப் பயனில்லை.

எனினும் இவ்வுணவுகளைப் புனிதப்படுத்துவது நம் நோக்கமன்று. நல்ல பகுதிகள் வேறெங்கோ போனபின் எஞ்சியதைக் கொண்டு சமைக்க நேர்ந்த வரலாறு அவற்றின் பின்னால் உள்ளது. 1927இல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழிக்கச் சொன்னார். அது இழிவாகச் சுமத்தப்பட்ட கடமையை உதறச் சொன்ன அழைப்பு. மாட்டிறைச்சியைத் தீண்டாமையின் தோற்றத்தோடு இணைத்து ஆராய்ந்தவரும் அவரே. முட்டை பற்றியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சத்துணவில் முட்டை வேண்டும் என்று நாம் வாதிடுவது புரதத்துக்காகவும் பி12க்காகவும். முட்டையின் இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை. முட்டை வந்துவிட்டால் சோகை போய்விடும் என்று நாமே பேசினால், எதிர்த்தரப்பு நம் வாதம் முழுவதையும் தட்டிவிடும்.

இனி, அதிகம் பேசப்படாத பகுதி. குடலணுவுக்குள் வந்த இரும்பு இரத்தத்துக்குள் போக ஃபெர்ரோபோர்ட்டின் என்ற புரதம் வாயிலாக இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அந்த வாயிலை மூடும். உடலில் இரும்பு போதுமானதாக இருக்கும்போது இது சுரப்பது இயல்பு. ஆனால் நோய்த்தொற்றும் அழற்சியும் இருந்தாலும் இது சுரக்கும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் தடுப்பது உடலின் உத்தி. ஆகவே, தேங்கிய சாக்கடையின் ஓரத்தில், கலங்கிய குடிநீரைக் குடித்து, ஓயாத தொற்றுகளோடு வாழும் ஒரு பெண்ணின் உடல், 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாலும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடலாம். கேள்வி கேட்பவர்களுக்கோ அவர் ‘மாத்திரை சாப்பிடாதவர்’. செறிவூட்டிய அரிசியின் இரும்பும் இதே வாயிலைக் கடந்தாக வேண்டும்.

கொக்கிப்புழுவின் கணக்கு இன்னும் நேரடியானது. அதன் இளம்புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. ஆன்கைலோஸ்டோமா வகை 0.2 மில்லிலிட்டர் வரை. நூறு நெகேட்டர் புழுக்கள் என்றால் 3 மில்லிலிட்டர் இரத்தம், அதாவது ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு. ஓர் ஆணின் ஒரு நாள் தேவை அவ்வளவுதான். தலித்துகள் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடப்பதைத் தடுத்த வழக்கம் தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் பதிவாகியிருக்கிறது. சேற்று வயலில் நடவு செய்யும் கால்களும் பெரும்பாலும் செருப்பில்லாதவையே.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள் ஹீமோகுளோபின் அளவைக் குறித்துக்கொண்டதோடு வேறு சிலவற்றையும் கேட்கலாம். தேநீரை உணவோடு குடிக்கிறாரா, ஒரு மணி நேரம் தள்ளியா? கடைசியாகக் குடற்புழு மாத்திரை எப்போது கிடைத்தது? காய்ச்சலோ ஆறாத புண்ணோ உண்டா? கழிவுநீர் எங்கே போகிறது? வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பது உண்டா என்ற கேள்விக்குப் பலர் முதலில் ‘இல்லை’ என்பார்கள். கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்லும் பதில் அது. நீங்கள் சாப்பிடுவீர்களா என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.