காற்றால் ஒரு சுவர்

மங்கோலியாவின் தலைநகர் உலான்பத்தாரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. நம் வீட்டு ஃப்ரீசரிலேயே மைனஸ் 18தான்! அந்தக் குளிரிலும் அங்கே ஏராளமான குடும்பங்கள் ‘கேர்’ என்னும் வட்டக் கூடாரத்தில் குடியிருக்கின்றன. மரச் சட்டங்களைக் குறுக்குமறுக்காகக் கோத்த மடக்குச் சுவர், அதன் மேல் கனத்த கம்பளி, நடுவில் ஓர் அடுப்பு. அவ்வளவுதான் வீடு.

இந்தக் கம்பளி தறியில் நெய்ததல்ல. ஆட்டு ரோமத்தைக் கோலால் அடித்து உதிர்த்து, தரையில் பரப்பித் தண்ணீர் தெளிப்பார்கள். பிறகு ஒரு கழியில் இறுக்கிச் சுற்றிக் கட்டி, குதிரையில் பூட்டிப் புல்வெளியில் உருட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு ரோமத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. உருள உருளச் செதிலோடு செதில் சிக்கி, இனிப் பிரிக்கவே முடியாது என்னும்படி இழைகள் பின்னிக்கொள்ளும். எவ்வளவு அழகான வேலை!

சரி, கம்பளி சூடு தருமா? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு ஐஸ் கட்டிகளைத் தனித்தனி பாலிதீன் பையில் போடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதைக் கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். சுற்றியதுதான் தாமதமாகக் கரையும். கம்பளி சூடு தருவதாக இருந்தால், அதுதானே முதலில் கரைந்திருக்க வேண்டும்?

கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, கடக்க விடாமல் தடுக்கிறது. அதுவும் உண்மையில் காற்று செய்யும் வேலை. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். சுருண்ட இழைகளுக்கு இடையே காற்று நகர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஐஸ் வந்ததும் இதே வித்தையால்தான். மரத்தூளில் புதைத்துக் கொண்டுவந்தார்கள். அதைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் மெரினா எதிரே இன்றும் நிற்கிறது.

கம்பளி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். அதனால்தான் கூடாரத்தின் மேலே கித்தான் உறை.

வட்ட வடிவத்திலும் கணக்கு இருக்கிறது. அதே பரப்புள்ள சதுர வீட்டுக்குச் சுவர் ஏறத்தாழ 13 சதவீதம் கூடுதலாக வேண்டும். வெப்பம் வெளியேற அத்தனை கூடுதல் இடம்.

குளிர்காலத்தில் இரண்டு மூன்று அடுக்குக் கம்பளி போர்த்தி, அடிப்பகுதியைச் சுற்றிலும் துணியால் அடைப்பார்கள். கோடையில் ஓர் அடுக்கு போதும். அதன் கீழ் ஓரத்தையும் சுருட்டி விட்டால் தரையோரமாகக் காற்று உள்ளே வரும்.

உலான்பத்தாரின் கூடார வீடுகளில் நிலக்கரி எரிப்பதால் குளிர்காலத்தில் அந்த நகரம் புகையில் மூச்சுத் திணறுகிறது. பதப்படுத்தாத நிலக்கரிக்கு 2019இல் அங்கே தடை வந்தது. கூடாரத்தின் தரையையும் கதவிடுக்கையும் நன்றாக அடைத்தால் எரிபொருள் செலவு குறையும், புகையும் குறையும். அடுப்பு எரியும் வீட்டில் புகைபோக்கியையும் காற்று வரும் வழியையும் மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே தேங்கினால் உயிருக்கே ஆபத்து.