சுவரை மூடும் முன்

அப்பா 1991-இல் கட்டிய வீட்டின் குளியலறைச் சுவரைப் போன மாதம் உடைத்தோம். உள்ளேயிருந்து வந்த ஜி.ஐ. குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து பிளம்பர் என் கையில் கொடுத்தார். வெளியே பார்த்தால் முக்கால் இஞ்ச் குழாய். உள்ளே என் சுண்டுவிரல் நுழையவில்லை. துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அதன்மேல் வெள்ளையாகக் கெட்டிப்பட்ட உப்பு. ஐந்தாறு வருடமாகத் தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று மோட்டாரை மாற்றினோம், தொட்டியைக் கழுவினோம், ஷவரைக் கழற்றிப் புதிது போட்டோம். காரணம் இந்தச் சாண் குழாய்க்குள் இருந்திருக்கிறது.

குழாயின் உள்விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதி வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்கு அப்படி இல்லை. விட்டம் பாதியானால் தண்ணீர் போகும் வழியின் பரப்பு கால்வாசியாகிவிடுகிறது. அந்தக் குறுகிய வழியில் சுவரோடு உராய்வதும் கூடுகிறது. தொட்டி அதே உயரத்தில் இருக்க, வரத்து ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துபோகும்.

ஜி.ஐ. குழாய் என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். இதே தத்துவத்தை வைத்துத்தான் 1824-இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகட்டை உப்புநீர் அரிக்காமல் காக்க வழி சொன்னார். ஆனால் குழாயை இணைக்க மரை போடும்போது அந்த இடத்தில் பூச்சு சீவப்பட்டுவிடுகிறது. அதனால்தான் பழைய வீடுகளில் ஒழுக்கு பெரும்பாலும் எல்போவிலும் டீயிலும் தொடங்குகிறது.

"டைல்ஸ் எல்லாம் எடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார் பிளம்பர்.

"எடுத்தாச்சுங்கண்ணா. ஷவர், வாஷ்பேசின் எல்லாமே வந்தாச்சு."

"தண்ணியை டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். எந்தக் குழாய், எந்த ஹீட்டர், எந்த இடத்தில் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த வீட்டுக்கு வரும் தண்ணீர்.

கோவையில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். சிறுவாணியோ பில்லூரோ குழாயில் வருவது நல்ல தண்ணீர்; போரில் இறைப்பது உப்புத் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 620 மில்லிகிராம் என்று பரிசோதனைச் சீட்டு வந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையிலுள்ள சுண்ணாம்பை அது கரைத்து பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. தண்ணீரைச் சுடவைத்தால் அந்த வாயு பிரிந்து பறந்துவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகப் படியும். மதுக்கரையில் சிமென்டுக்காக வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதேதான். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். இது நேர்மாறு: சூடு ஏற ஏறக் கரையும் திறன் குறையும். அதனால் தண்ணீரில் மிகச் சூடான இடம் எதுவோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கீசருக்குள் அந்த இடம் காயில்.

எங்கள் பழைய கீசரைத் திறந்தபோது காயில் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை முருங்கைக்காய்போல ஒன்று நின்றது. தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தது. படிவம் ஏறினால் கரன்ட் வீணாகும் என்று பலரும் சொல்வார்கள். மின்சார கீசரில் அது முழு உண்மையல்ல. காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் ஓட்டுக்குள் சிக்கிய காயில் தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் கொதித்துப் பொசுங்கிவிடும். சூட்டையே இழப்பது சோலார் தகட்டிலும் ஹீட் பம்ப்பிலும்தான். அவற்றில் சூடு ஒரு உலோகச் சுவரைத் தாண்டித் தண்ணீருக்கு வர வேண்டும். நடுவே சுண்ணாம்பு நின்றால் அந்த அளவுக்கு நஷ்டம்.

கீசரின் திருகைக் குறைத்து 45 டிகிரியில் வைத்தால் படிவம் குறையும்தானே என்று தோன்றும். குறையும். ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கும் நீர் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவுக்குத் தொட்டில். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினரிடையே நிமோனியாவைப் பரப்பிய கிருமி அது. பெயரும் அவர்களது சங்கத்தை வைத்து வந்ததுதான். 60 டிகிரியில் அது தாக்குப்பிடிக்காது. ஆகவே தேக்கி வைக்கும் வெந்நீரை 60-இல் வைப்பதே சரி. அந்தச் சூட்டில் சுண்ணாம்பு படியாதிருக்க வேண்டுமானால் உள்ளே போகும் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும்.

இங்கேதான் விளாவுகிற கணக்கு கைகொடுத்தது. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க இதமான சூடு 40. ஒரு பக்கெட் 20 லிட்டர். 60 டிகிரி வெந்நீரோடு பச்சைத் தண்ணீரை விளாவினால், 20 லிட்டரில் வெந்நீரின் பங்கு 9 லிட்டருக்குள். நாலு பேர் குளிக்க நாளைக்கு 36 லிட்டர். வீடு முழுவதற்கும் நல்ல தண்ணீர் கிடைக்காது. 36 லிட்டர் தாராளமாகக் கிடைக்கும். வெந்நீர் வரிக்கு மட்டும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து தனிக்குழாய், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர் என்று முடிவு செய்தோம். மென்னீராக்கும் இயந்திரம் வாங்கி, உப்பு மூட்டை சுமந்து கொட்டும் வேலையே இல்லாமல் போனது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. மிக்ஸர் குழாயில் இரண்டு தண்ணீரும் சந்திக்கின்றன. ஒரு தொட்டி உயரத்திலும் மற்றது தாழவும் இருந்தால், உப்புத் தண்ணீர் பின்வழியாக ஏறி நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விடும். இரண்டு தொட்டிகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, வரிக்கு ஒரு என்.ஆர்.வி. வால்வும் (தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வு) போட வேண்டும். அந்த வால்வு போட்டபின் கீசரின் பாதுகாப்பு வால்வை யாரும் அடைக்கக் கூடாது. 25 லிட்டர் தண்ணீர் 24-இலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் ஒரு பெரிய டம்ளர் அளவு விரிகிறது. அந்த விரிவுக்கு வெளியேற வழி இல்லையென்றால் தொட்டிதான் வெடிக்கும்.

மின்கணக்கையும் பார்த்தோம். 20 லிட்டரை 16 டிகிரி ஏற்ற 0.37 யூனிட். நாலு பேருக்கு நாளைக்கு ஒன்றரை. இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டில் ஏறக்குறைய எல்லாமே குளியலுக்கே போய்விடும். ஹீட் பம்ப் வைத்தால் இது மூன்றில் ஒரு பங்காகும். ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டதுபோல, காற்றிலிருக்கும் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும் இயந்திரம் அது. நம் ஊர்க் காற்றுக்கு நன்றாகவே வேலை செய்யும். மொட்டை மாடியில் உரிமை இல்லாத அடுக்குமாடிக்காரர்கள், பால்கனியில் இடம் இருந்தால், இதைத் தயங்காமல் யோசிக்கலாம். எங்களுக்கு மொட்டை மாடியும் வெயிலும் இருக்கின்றன. கண்ணாடிக் குழல் வகை சோலாரை எடுத்தோம். தகட்டு வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் உப்பில் அடைத்துக்கொள்ளும். குழல்களைக் கழற்றிக் கழுவிவிடலாம்.

வைத்த இடம் குளியலறைக்கு நேர்மேலே. 12 மீட்டர் தள்ளி வைத்திருந்தால் முக்கால் இஞ்ச் குழாய்க்குள் 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 3 லிட்டரும் ஆறிப்போய்ச் சாக்கடைக்குப் போகும். தூரத்திலுள்ள விருந்தினர் குளியலறைக்குக் குழாயை இழுக்காமல், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் ஒன்றை மாட்டினோம். அது பக்கெட்டை நிரப்ப ஏழெட்டு நிமிடம் எடுக்கும். அதற்குத் தனி வயரும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

கேஸ் கீசர் மலிவுதான். குளியலறைக்குள் அதை மாட்டக் கூடாது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மூடிய அறையில் காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றி உட்காருபவர் எழுந்து கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

குழாய்க்கு சி.பி.வி.சி. என்பதில் எங்களுக்குள் வாதமே எழவில்லை. சாதாரண பி.வி.சி. 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். அதே பிளாஸ்டிக்கில் குளோரினை இன்னும் ஏற்றினால் 93 டிகிரி வரை தாங்கும். துருவும் இல்லை. ஆனால் சூட்டில் நீளும்: 3 மீட்டர் குழாய் 35 டிகிரி ஏறினால் 7 மில்லிமீட்டர். அதைக் கலவையில் அசையவிடாமல் புதைத்தால் நெருக்கடி முழுவதும் எல்போவின் ஒட்டில் இறங்கும். வளைவுகளில் ஃபோம் சுற்றிவிட்டுப் புதைத்தார் பிளம்பர். மொட்டை மாடியில் வெயில் படும் குழாய்க்கு பெயின்ட் அடித்தார்.

அகலமான மழை ஷவர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். அட்டைப்பெட்டியில் 1 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் 1 பார். எங்கள் தொட்டியின் அடி, ஷவர் தலையிலிருந்து 1.9 மீட்டர் மேலே, 0.2 பாருக்கும் குறைவு. பூஸ்டர் பம்ப் வைக்காமல் ஷவரைத் திருப்பிக் கொடுத்தேன்.

குழாயெல்லாம் ஒட்டி முடித்து, வாய்களை அடைத்து, கைபம்பால் 10 கிலோ அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் முள் 8-க்கு இறங்கியிருந்தது. டார்ச் அடித்துத் தேடினால், வாஷ்பேசின் பக்கத்துப் பித்தளை மரையில் ஒரே ஒரு சொட்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி, டெஃப்லான் டேப் புதிதாகச் சுற்றி, மறுபடி ஏற்றினோம். அன்று பகல் முழுக்க ஒவ்வொரு சுவரையும், டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அங்குலத்தில் குழாய் போகிறது என்று தெரியும்படி படம் எடுத்தேன். அடுத்த நாள் காலை முள் 10-லேயே நின்றது. அதைக் குனிந்து பார்த்துவிட்டுக் கொத்தனார் கலவை குழைக்கச் சொன்னார்.