ஒரு வாளும் இரு கைகளும்

ஓசூர் தமிழ்நாட்டின் எல்லையில் அமைந்த தொழில் நகரம். அங்குள்ள ஆலைகளில் உருவாகும் உறுப்புகள் நாள்தோறும் அத்திப்பள்ளியைக் கடந்து கருநாடகத்துக்கு லாரிகளில் செல்கின்றன. அனுப்பும் ஆலையின் இருப்பேட்டில் நூறு உருப்படிகள் கழிக்கப்பட்டால், பெறும் ஆலையின் ஏட்டில் அந்த நூறும் கூட்டப்படுதல் வேண்டும். கழித்துவிட்டுக் கூட்டாது போனால் பொருள் கணக்கினின்று மறைந்துவிடும். கழிக்காமலே கூட்டினாலோ, இல்லாத பொருள் இருப்பதாகிவிடும். கணினியில் பலர் கூடி ஆடும் விளையாட்டுகளை அமைப்போர்க்கும் இதுவே பெரும் இடர்ப்பாடு.

இவ்விளையாட்டுகளுள் ஒருவகையில், ஆடுவோர் வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு ஒரு கற்பனை உலகில் உலவுவர். அங்கே அவர்கள் பெறும் வாளும் கேடயமும் பல நாள் முயற்சியின் பயன்கள். 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் இத்தகைய உலகம் ஒன்றைப் படைக்கத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். 'மட்' என்பது அதன் பெயர். அதில் படங்கள் இல்லை, எல்லாம் எழுத்துகளே. தேடியெடுத்த செல்வத்தைச் சதுப்பு நிலத்தில் எறிந்தால்தான் புள்ளிகள் கிடைக்கும் என்பது அதன் வேடிக்கையான விதி! அனைவரும் ஒரே பெருங்கணினியில் ஆடியமையால், செல்வம் யார் கையில் உள்ளது என்பதில் ஐயம் எழவில்லை.

இன்று ஆடுவோர் ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கணினி உண்டு. ஓசூரில் ஒரு மாணவன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் கிருஷ்ணகிரியில் அவன் நண்பன். இருவரும் ஒரே பேழையைத் திறந்து, உள்ளிருக்கும் வாளை ஒரே நொடியில் எடுக்கின்றனர் என்று கொள்வோம். இரு திரைகளும் வாள் தம்மவன் கையில் இருப்பதாகவே காட்டும். எதனை நம்புவது?

ஆடுவோரின் கணினிகளையே நம்பிய விளையாட்டுகள் உண்டு. 1996ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'டயாப்லோ' அத்தகையது. ஒருவருடைய உடைமைகளின் கணக்கு அவருடைய கணினியிலேயே இருந்தமையால், அரிய பொருள்களைப் பலர் எளிதில் படியெடுத்துக்கொண்டனர். உழைத்துத் தேடியவர்களின் பொருளுக்கு மதிப்பில்லாது போயிற்று. 2000ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பகுதி, சர்வர் எனப்படும் நடுக்கணினியில் அக்கணக்கை வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது. அப்போதும் படியெடுத்தல் முற்றும் ஒழியவில்லை.

நடுக்கணினியே நடுவர். முதலில் வந்தடைந்த வேண்டுகோளுக்கு வாளை அளித்து, அடுத்ததை அது மறுத்துவிடும். கைம்மாறும்போது ஒருவர் கணக்கில் கழித்தலும் மற்றவர் கணக்கில் கூட்டலும் ஒரே செயலாக முடிதல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் இரண்டுமே நிகழாதவையாகக் கருதப்படும். வேறொரு நுட்பமும் உண்டு. வழியில் செய்தி தொலைந்ததோ என்று ஐயுற்று, ஆடுவோனின் கணினி அதனை மீண்டும் அனுப்பும். 'பத்துக் காசு கொடு' என்னும் செய்தி இருமுறை சேர்ந்தால் இருபது காசு போய்விடும் அன்றோ? ஆதலால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் இடுவர். முன்பே கண்ட எண்ணை நடுவர் மறுமுறை நிறைவேற்றார்.

இந்த நேர்மைக்கு விலை காலத்தாழ்வு. நடுக்கணினி மும்பையில் இருந்தால், இரு நண்பர்களின் செய்திகளும் அங்குச் சென்றே திரும்பவேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் விரையும். எனினும் ஆயிரம் கிலோமீட்டர் சென்று மீள, நொடியில் நூற்றில் ஒரு பங்காவது ஆகும். வழியிலுள்ள கருவிகளால் அது பன்மடங்காகப் பெருகும். ஆகவே வீரனின் நடையை மட்டும் அவனுடைய கணினியே முன்கூட்டிக் காட்டிவிடும். நடை பிழையாயின் ஓரடி பின்னிழுத்தால் போதும். கையில் கொடுத்த வாளைப் பறிப்பதோ பொறுக்க முடியாதது. அதனால் விடை வரும்வரை கை பேழையை நோக்கி நீள்வதையே திரை காட்டும். விடை வந்ததும் ஒரு நண்பனின் கை வாளுடன் உயரும்; மற்றவன் வெறும் பேழையைக் காண்பான்.