தெரு நாய்க்கு ஒரு வீடு!

தெருவில் கிடக்கும் நாய்க்குட்டியைத் தூக்கி வர ஒரு நிமிஷம் போதும்.

அதற்குப் பிறகுதான் இருக்கிறது பாடு!

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், சாக்கடை ஓரமாக ஒரு குட்டி நடுங்கிக்கொண்டு நிற்கும். தாய் நாய் லாரியில் அடிபட்டுச் செத்திருக்கும். அல்லது யாராவது குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பார்த்த பிள்ளை சும்மா வருமா? சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடும்.

"எங்கேடா பிடித்தாய் இந்தச் சனியனை? விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வா!" என்று அம்மா சத்தம் போடுவாள். ராத்திரி குட்டி முனகும்போது, பழைய புடவையைக் கிழித்துப் போர்த்திவிடுகிறவளும் அவளேதான்.

பல வீடுகளில் நாய் இப்படித்தான் வந்து சேருகிறது. சென்னையில் ஒரு வீட்டில் இப்படித் தொடங்கிய காரியம், பெரிய ஸ்தாபனமாகவே வளர்ந்துவிட்டது.

வெள்ளத்தில் வந்த விருந்தாளிகள்

கேப்டன் சுந்தரம் ஒரு விமானி. அவருடைய மனைவி உஷாவும் விமானம் ஓட்டியவர். பெண்கள் விமானம் ஓட்டுவது அதிசயமாக இருந்த காலத்திலேயே ஓட்டியவர்!

1959-ம் ஆண்டு. சென்னையில் கடும் மழை. தெருவில் ஓடிய வெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளித்தன. சுந்தரம் அவற்றைக் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

அந்த ஆண்டிலேயே 'புளூ கிராஸ்' சங்கம் பிறந்தது. இன்று கிண்டி, வேளச்சேரி ரோட்டில் இருக்கும் அதன் ஆஸ்பத்திரிக்கு, அடிபட்ட நாயும் பூனையும் மாடும் வந்துகொண்டே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் தெரு நாய்களுக்கு என்ன கதி தெரியுமா? கார்ப்பரேஷன் வண்டி வரும். சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிடுவார்கள்.

"கொல்ல வேண்டாம். குட்டி போடாமல் ஆபரேஷன் செய்து விடுவோம்" என்று புளூ கிராஸ்காரர்கள் 1964-ம் ஆண்டிலேயே சொன்னார்கள். யார் கேட்டார்கள்? சென்னை கார்ப்பரேஷன் அந்த வழிக்கு வந்தது 1996-ம் ஆண்டில். 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது!

எந்த ஊரிலும் இப்படித்தான் போலும். லண்டனில் மேரி டீல்பி என்ற அம்மாள், 1860-ம் ஆண்டில் திக்கற்ற நாய்களுக்கு ஒரு விடுதி திறந்தார். "மனிதர்களுக்கே வீடில்லை, நாய்க்கு வீடா?" என்று கேலி செய்தார்கள். பெரிய பத்திரிகையே பரிகாசம் செய்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையில் 1862-ல் விடுதிக்கு ஆதரவாகக் கட்டுரை வந்தது. மேரி டீல்பி 1865-ல் இறந்துவிட்டார். அந்த விடுதி பேட்டர்சி என்ற இடத்துக்கு மாறி, இன்றும் நடக்கிறது.

மூன்று மணிக்கு ஒரு தடவை

சரி, நம் வீட்டுக் குட்டிக்கு வருவோம்.

கண் திறக்காத குட்டியா? அப்படியானால் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்று அர்த்தம். அதற்குப் பசும்பால் ஆகாது, வயிற்றால் போகும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவைக் கரைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். ராத்திரியிலும்தான்!

மல்லாக்கப் படுக்க வைத்துப் பால் புகட்டக் கூடாது. பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குப்புற வைத்தே புகட்ட வேண்டும்.

அது மட்டுமா? அந்த வயதில் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நாய் நக்கிவிடும். தாய் இல்லாத குட்டிக்கு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நாம்தான் துடைத்துவிட வேண்டும். பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால், தாயின் வயிறு என்று நினைத்துக்கொண்டு ஒட்டிப் படுத்துவிடும்.

இவ்வளவும் செய்து, குட்டி தளிர்நடை போடும் நேரத்தில் வருகிறான் எமன்!

பார்வோ என்னும் பாவி

'பார்வோ' என்று ஒரு வைரஸ் நோய். 1978-ம் ஆண்டுவாக்கில் உலகம் முழுவதும் பரவியது. காலையில் குட்டி சாப்பிடாது. மத்தியானம் வாந்தி. ராத்திரிக்குள் ரத்தமாகப் போகும். அதன் நாற்றத்தை ஒரு தடவை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த நோய்க்கு நேரடி மருந்து இல்லை. காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றுவார்கள். வாந்தியை நிறுத்துவார்கள். முதல் மூன்று நான்கு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தாண்டாத குட்டிகளே அதிகம் என்று நினைக்கும்படி சில மழைக்காலங்கள் இருக்கும்.

நான்கு குட்டிகளைக் காப்பாற்றி வந்து, ஒரே வாரத்தில் நான்கையும் கொல்லையில் புதைத்தவர்கள் உண்டு. "நான் தூக்கி வராமல் இருந்திருந்தால் தெருவிலாவது பிழைத்திருக்குமோ?" என்று அவர்கள் மருகுவார்கள். அப்படியல்ல. நோய் பெரும்பாலும் தெருவிலேயே தொற்றியிருக்கும். வெளியே தெரியச் சில நாள் ஆகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று: நோய் வந்து போன இடத்தில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளீச்சிங் போட்டுக் கழுவினாலும், தடுப்பூசி போடாத அடுத்த குட்டியை அங்கே விடக் கூடாது. முதல் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் போட வேண்டும். அதோடு நின்றுவிடாமல், நான்கு மாதம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில்.

நித்தியகல்யாணியின் மகிமை

எப்போதும் அழுகைதானா? இல்லை!

உடம்பெல்லாம் சொறி பிடித்து, முடி உதிர்ந்து, யானைத்தோல் போலத் தடித்துப்போன நாய்களைப் பார்த்திருப்பீர்கள். "ஐயோ, கிட்டே போகாதே!" என்று பிள்ளைகளை இழுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் அதற்குக் காரணம். சில வகைச் சொறி மனிதருக்கும் ஒட்டும். ஆகையால் கையுறை போட்டுக்கொண்டே தொட வேண்டும். டாக்டர் சொல்லும் மருந்தைச் சில வாரம் விடாமல் கொடுத்தால், பூனைமயிர் போல் முடி முளைக்கத் தொடங்கும். இரண்டு மாதத்தில், "இது அந்த நாயா?" என்று தெருவே கேட்கும். கறுப்பு என்று நினைத்த நாய் செவலையாக இருக்கும்!

தெரு நாய்களுக்கு மறைவிடத்தில் ரத்தம் ஒழுகும் கட்டி ஒன்று வரும். ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்றுநோய் அது. புற்றுநோய் என்றதும் கைவிட்டுவிட வேண்டாம். வாரம் ஓர் ஊசி. சாதாரணமாக 4 முதல் 6 ஊசி. பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்து மறைந்தே போகிறது. அந்த மருந்தை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து!

"நாய் நல்ல நாய்தான். ஆனால்..."

குட்டி பிழைத்துவிட்டது. இனி அதற்கு ஒரு வீடு வேண்டும்.

"லாப்ரடார் இருக்கா?" என்பார்கள். "ஆண் குட்டி என்றால் கொடுங்கள்" என்பார்கள். பெட்டைக் குட்டியை யாரும் வாங்குவதில்லை. நாட்டு நாய் என்றால் முகம் சுளிப்பு. இத்தனைக்கும் நம் ஊர் வெயிலையும் மழையையும் தாங்கக்கூடியது அதுதான்!

சில குட்டிகள் போன வேகத்தில் திரும்பி வரும். "செருப்பைக் கடிக்கிறது", "வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை", "வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது" என்று காரணம் சொல்வார்கள். திரும்பி வந்த நாய் இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். செத்த குட்டிக்கு அழுததைவிட இதற்கு அழுவதாகச் சொல்கிறவர்கள் உண்டு.

தீபாவளி வந்தால் இன்னொரு தொல்லை. வெடிச் சத்தத்தில் மிரண்டு, சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய வீட்டு நாய்கள் தெருத் தெருவாக அலையும். கழுத்துப் பட்டையில் டெலிபோன் நம்பர் எழுதியிருந்தால் வீடு சேரும். இல்லாவிட்டால் தெருதான் கதி.

கடிபட்டவர்கள் சொல்வது

"நாய்க்கு இத்தனை உபசாரமா? என் பிள்ளையைக் கடித்ததே!" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாயை நேசிப்பவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதது பெரிய தவறு.

வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் நாய்க்கும் வைத்தியம் இல்லை. மனிதருக்கும் அநேகமாகப் பிழைப்பில்லை. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் முடிக்க வேண்டும்.

"நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பார்கள். நம் தெருவில் கல்லுக்கு என்ன பஞ்சம்? கல்லடி பட்ட நாய்தான் அடுத்து வருகிறவரைப் பார்த்து உறுமுகிறது.

இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2025 ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லி தெரு நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி உத்தரவு வந்தது. ஆகஸ்டு 22-ல் அது மாற்றப்பட்டது. ஆபரேஷனும் ஊசியும் முடிந்த பிறகு பிடித்த இடத்திலேயே விடலாம். வெறி பிடித்த நாயையும் கடிக்கும் நாயையும் விடக் கூடாது என்றது கோர்ட்டு. நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது!

காது நுனி வெட்டிய நாய்

பிடித்த இடத்திலேயே விடுவது என்பது, 2001-ம் ஆண்டு முதல் மத்திய அரசாங்க விதியில் உள்ளதுதான். 2023-ம் ஆண்டின் புது விதியும் அதையே சொல்கிறது. காரணம் இதுதான்: ஒரு தெருவின் நாய்களை அப்புறப்படுத்தினால், அங்கே விழும் எச்சில் சோற்றுக்கு அடுத்த தெரு நாய்கள் வந்துவிடும். அவை ஊசி போடாத நாய்களாகவும் இருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்த அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டியிருப்பார்கள். மயக்கத்தில் வெட்டுவதால் வலி தெரியாது. அப்படிப்பட்ட நாயைப் பார்த்தால் பயம் சற்றுக் குறைவாகவே இருக்கலாம்.

நாயைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மிகவும் கஷ்டமான நாள் அதுதான். பல நாள் கையால் சோறு ஊட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, பெயர் வைத்துக் கூப்பிட்ட நாய். வைத்துக்கொள்ளவோ இடமில்லை. வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கும்! மறுபடியும் அதைத் தெருவில், லாரிக்கும் கல்லுக்கும் நடுவே விட வேண்டும்.

வண்டியின் கதவைத் திறப்பார்கள். நாய் இறங்காது. வந்தவர் முகத்தைப் பார்க்கும். பிறகு மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும். தன் தெரு என்று தெரிந்துகொண்டதும் குதித்து இறங்கி, நேரே மூலை டீக்கடைக்கு ஓடும்.

"எங்கேடா போயிருந்தே இத்தனை நாளா?" என்று டீக்கடைக்காரர் ஒரு பொறையை எடுத்துப் போடுவார்.