கோப்பைத் திறந்தது யார்?

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டைப் பிள்ளைகளின் கைக்கும் வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது. ஒரு கோப்பைக் கடைசியாக எப்போது படித்தார்கள் என்று குறித்துவைக்கும் ஏற்பாடு இரண்டிலும் உண்டு. ஆனால் இரண்டுமே அந்தக் குறிப்பை ஏற்கெனவே பாதியோ முழுவதுமோ கைவிட்டிருந்தன.

காரணம் வேகம். நேரத்தைக் குறிக்க வேண்டுமானால், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வட்டில் எழுதியாக வேண்டும். அதனால் விண்டோஸ் விஸ்டாவும் விண்டோஸ் 7-ம் அதை இயல்பாகவே நிறுத்திவைத்தன. லினக்ஸ் 2009-இல் வேறு வழியை இயல்பாக்கியது. நேற்று எழுதிய பாடக்குறிப்பை இன்று காலை 10 மணிக்குத் திறந்தால் 10 என்று பதிவாகும். 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மறுபடி படித்தாலும் பதிவு 10-லேயே நிற்கும். இடையில் கோப்பு மாறியிருந்தாலோ, பழைய பதிவுக்கு 24 மணி நேரம் கடந்திருந்தாலோதான் புதிய நேரம் ஏறும்.

ஒரு நாள் பிசகு பெரிதல்ல. பள்ளியிலோ கல்லூரியிலோ படித்து முடித்துப் போனவர்களின் சர்வர் கணக்குகளைக் களையெடுக்க, '90 நாளாக யாரும் படிக்காத கோப்பு எது?' என்று தேடும்போதுதான் ஆபத்து. இரவில் ஓடும் பேக்கப்பும் ஆன்டிவைரஸும் கோப்புகளைத் திறந்து படிக்கின்றன. ஊரை விட்டே போனவரின் கணக்கும் நேற்று வரை புழங்கியதாகத் தெரியும். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. சர்வரில் நேரப்பதிவை முழுக்க அணைத்திருந்தால், தினமும் படிப்பவரின் கோப்பும் தீண்டாமல் கிடப்பதாகவே காட்டும். அதை நம்பி அழித்தால் ஒரு மாணவியின் உழைப்பு மொத்தமும் போய்விடும்.

எதைப் புழக்கமாகக் கொள்வது என்பதில் வங்கி விதி தெளிவானது. 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, வாடிக்கையாளர் தாமாகச் செய்த பரிவர்த்தனை 2 ஆண்டுக்கு மேல் இல்லாவிட்டால்தான் சேமிப்புக் கணக்கு செயலற்றதாகும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டி அத்தகைய பரிவர்த்தனையாகக் கொள்ளப்படாது. வாடிக்கையாளர் கேஒய்சி விவரத்தைப் புதுப்பித்தால் அது கொள்ளப்படும். அதாவது, கணக்கில் அசைவு இருந்தால் போதாது, உரியவர் அசைத்திருக்க வேண்டும்.

கணினியிலும் அதையே தேட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது லாகின் பதிவு. அதுவும் தனியாகப் போதாது: மின்னஞ்சலை மட்டும் இறக்கிப் படிப்பவர் அதில் தென்படாமல் போகலாம், மின்னஞ்சல் சர்வரின் பதிவில்தான் இருப்பார். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் எல்லா சர்வர்களுக்கும் பகிரப்படும் கடைசி லாகின் தேதி சுமார் 14 நாள் வரை பின்தங்கியிருக்கும். அந்த இடைவெளியையும் 90 நாள் கெடுவில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகும் உடனே அழிக்கக் கூடாது. லாகினை மட்டும் பூட்டிவிட்டுக் கோப்புகளை அப்படியே விட்டுவைத்தால், உரியவர் வந்து கேட்கும் நாளில் திறந்து கொடுக்கலாம்.